மூன்று திரைக்கு ஒரு கீபோர்டு: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீபோர்டு பற்றியவை. தட்டச்சுப் பயிலகம் நடத்தியவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்! அந்தக் காலத்தில் ஒரு மெஷினுக்கு நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். இப்போது ஒருவரே மூன்று மெஷின் வைத்துக்கொண்டு, தட்டுவதற்கு ஒன்று போதுமா என்கிறார்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். லேப்டாப்பில் எழுதுவேன், டேபில் மூலத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பேன், நடுநடுவே போனில் பதில் அனுப்ப வேண்டும். மூன்றுக்கும் ஒரே வயர்லெஸ் கீபோர்டு போதும் என்கிறாள் மகள். நடக்குமா? (வாசகி, சேலம்)

நடக்கும். ஆனால் கடையில் வெறுமனே "ப்ளூடூத் கீபோர்டு" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரே ஒரு கருவியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் கீபோர்டும் விற்கிறது. அதில் போனுக்குப் போக வேண்டுமென்றால் லேப்டாப் இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்; இரண்டு நாளில் வெறுத்துப் போவீர்கள். "மல்டி டிவைஸ்" என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும், 1, 2, 3 என்று தனி பட்டன்கள் இருக்க வேண்டும்.

பலரிடம் இருக்கும் லாஜிடெக் கே380ஐ எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் எஃப்1, எஃப்2, எஃப்3 இருக்கும் இடத்தில்தான் அந்த மூன்று எண்களும் இருக்கின்றன. ஒன்றாம் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அதன் விளக்கு வேகமாகக் கண் சிமிட்டும். உடனே லேப்டாப்பின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து கீபோர்டின் பெயரைத் தொடுங்கள். சில கருவிகள் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். அதைத் திரையில் அல்ல, கீபோர்டில் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள், முழு எண்ணையும் தட்டி முடியுங்கள். இதேபோல இரண்டில் டேப், மூன்றில் போன். அதற்குப் பிறகு பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஓரிரு விநாடியில் எழுத்து அந்தத் திரைக்குப் போகும். ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் போகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கே480 என்று இன்னொன்று உண்டு. அதன் மேல் பக்கத்தில் டேபையும் போனையும் செருகி நிறுத்த நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். உங்களைப் போல மேசையை விட்டு நகராதவர்களுக்கு அது நல்ல வசதி. பையில் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்குக் கனம்.

லேப்டாப்பில் தமிழ்99 விசையமைப்பில் தமிழ் நன்றாக வருகிறது. அதே கீபோர்டை போனுக்கு மாற்றினால் ஆங்கிலம்தான் வருகிறது. கீபோர்டில் கோளாறா? கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (வாசகர், தூத்துக்குடி)

கடைக்காரரை விட்டுவிடுங்கள், பாவம். கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். ஆங்கில ஏ (A) எழுத்துக் கீயைத் தட்டினால் "ஏ" என்ற எழுத்து காற்றில் போவதில்லை. 4 என்ற எண் போகிறது. பி 5, சி 6 என்று அப்படியே போய் இசட் 29. உலகத்தில் எந்த நிறுவனம் செய்த யூ.எஸ்.பி., ப்ளூடூத் கீபோர்டாக இருந்தாலும் இதே கணக்குதான்.

தமிழ்99இல் "அம்மா" என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ. அ, ம, ம, ஆ. முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். கீபோர்டிலிருந்து கிளம்புவது 4, 14, 14, 20 என்ற நாலு எண்கள் மட்டும். அதை வாங்கி "அம்மா" ஆக்குவது உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கும் மென்பொருள். போனுக்கும் அதே 4, 14, 14, 20தான் போயிருக்கும். அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் அது "ஏகேகேக்யூ" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டது.

ஆக, மூன்று கருவிக்கும் தனித்தனியாகத் தமிழ் வைக்க வேண்டும். விண்டோஸ் 10, 11இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். ஐபேடிலும் ஐபோனிலும் அஞ்சல் (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் முறை), தமிழ்99 இரண்டும் உண்டு. அங்கே மொழி மாற்ற கன்ட்ரோலும் ஸ்பேஸும்.

ஆண்ட்ராய்டில்தான் சிக்கல். விரலால் தொட்டு எழுத அருமையாகத் தமிழ் தரும் செயலி, வெளியிலிருந்து வரும் கீபோர்டைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளலாம். சில செயலிகள் தரும், சில தராது. போனுக்குப் போன் மாறும். காசு போடுவதற்கு முன்னால் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: வீட்டில் கிடக்கும் பழைய யூ.எஸ்.பி. கீபோர்டு ஒன்றை ஓ.டி.ஜி. இணைப்பான் வழியாகப் போனில் செருகுங்கள். போனைப் பொறுத்தவரை வயரில் வந்தாலும் காற்றில் வந்தாலும் அது வெளிக் கீபோர்டுதான். அதில் தமிழ் வந்தால் ப்ளூடூத்திலும் வரும். வராவிட்டால் செயலியை மாற்றிப் பாருங்கள், கீபோர்டை மாற்றிப் பயனில்லை.

மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற மாதிரி சின்னக் கீபோர்டு பார்த்தேன். தமிழ்99 அடிப்பவன் நான். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், புதுச்சேரி)

எனக்குப் பிடிக்காது. முன்முடிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரணத்தைக் கேளுங்கள். கீபோர்டைச் சிறிதாக்க வேண்டுமென்றால் செய்பவர்கள் முதலில் கை வைப்பது வலது ஓரத்தில். அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறி, சாய்கோடு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆங்கிலக்காரருக்கு அவை எப்போதாவது வேண்டியவை. அதனால் அவற்றைப் பாதி அளவுக்குச் சுருக்குவார்கள், அல்லது வேறெங்காவது ஏற்றிவைப்பார்கள். தமிழ்99இல் அந்த ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, அடைப்புக்குறிகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. "செய்யாமல்" என்று ஒரு சொல் அடிப்பதற்குள் சுண்டுவிரல் மூன்று முறை அங்கே போய் வர வேண்டும். கீ பாதி அளவு இருந்தால் பக்கத்துக் கீயில் விழும்.

அதனால் கடைக்குப் போனால் விளம்பரத் தாளைப் படிக்காதீர்கள், வலது ஓரத்தைப் பாருங்கள். எல் கீக்கு அடுத்து இரண்டு முழு அளவுக் கீகள், அதற்கப்புறம் என்டர். பி (P) கீக்கு அடுத்தும் அப்படியே இரண்டு. எம் கீயிலிருந்து மூன்றாவதாகச் சாய்கோடு. அப்புறம் எஃப், ஜே கீகளின் மேல் விரல் படும்படி சின்ன மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்று திரையை மாறி மாறிப் பார்ப்பவருக்கு குனிந்து கீயைப் பார்க்க ஏது நேரம்? ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று பக்கம் பக்கமாக அடித்து, தட்டச்சுத் தேர்வில் லோயர் பாஸ் செய்தவர்களுக்கு அந்த மேட்டின் அருமை தெரியும். ஒற்றை விரலால் தட்டுபவர் என்றால் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், எல்லாம் ஒன்றுதான்.

டேபில் மட்டும், மின்னஞ்சல் முகவரிக்கு நடுவில் போடும் அட் குறியைத் தட்டினால் மேற்கோள் குறி விழுகிறது. லேப்டாப்பில் சரியாக இருக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

உங்கள் டேப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த அமைப்பில் ஷிஃப்டும் 2ம் மேற்கோள் குறி, ஷிஃப்டும் 3ம் பவுண்டு. நம்மூரில் விற்கும் கீபோர்டுகளில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. டேபின் அமைப்புகளில் வெளிக் கீபோர்டுக்கான பகுதியில் போய் அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றுங்கள்.

கீபோர்டு வாங்கிய நாளிலிருந்து சில சமயம் போனில், தொட்டு எழுதும் பலகை மேலே வரவே மாட்டேன் என்கிறது. போனை அணைத்துப் போட்டால் சரியாகிறது, மறுபடி வருகிறது. (வாசகர், திருச்சி)

கீபோர்டு எங்கே இருக்கிறது? பையிலா, அடுத்த அறையிலா? அது மூன்றாம் எண்ணில், அதாவது போனோடு இணைந்தபடியே கிடக்கிறது. வெளிக் கீபோர்டு இருக்கும்போது திரைப் பலகை எதற்கு என்று போன் ஒளித்துவைத்துவிடுகிறது. வேலை முடிந்ததும் ஒன்றாம் எண்ணைத் தட்டி லேப்டாப்புக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது பக்கவாட்டுச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால், வெளிக் கீபோர்டு இருக்கும்போதும் திரைப் பலகையைக் காட்டச் சொல்ல அமைப்பு ஒன்று இருக்கிறது. பையில் போடும்போது சுவிட்சை அணைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: புத்தகம் அழுத்தி, யாருக்கோ பொருளில்லாத செய்தி போய்விடும்.

என் டெஸ்க்டாப் பழையது, ப்ளூடூத் கிடையாது. டாங்கிளும் (யூ.எஸ்.பி. துளையில் செருகும் குட்டி ரிசீவர்) ப்ளூடூத்தும் சேர்ந்த கீபோர்டு வாங்கினால் சரியா? எழுத்து விட்டுப் போகிறது என்கிறார்களே? (வாசகர், மதுரை)

உங்களுக்கு அதுதான் சரி. டெஸ்க்டாப்புக்கு டாங்கிள், டேபுக்கும் போனுக்கும் ப்ளூடூத். டாங்கிளில் இன்னொரு லாபமும் உண்டு. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன்னால் பயாஸ் திரைக்குள் போக வேண்டியிருந்தால், ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் அங்கே வேலை செய்யாது. டாங்கிள் சாதாரண யூ.எஸ்.பி. கீபோர்டு போலவே தெரிவதால் அங்கேயும் தட்டலாம். முழுக்க ப்ளூடூத்துக்கு மாறுகிறவர்கள் வயர் வைத்த பழைய கீபோர்டு ஒன்றைப் பரணில் போட்டுவையுங்கள், பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

எழுத்து விட்டுப் போவதற்குக் காரணம் பல சமயம் டாங்கிள் செருகியிருக்கும் இடம். சி.பி.யூ. பெட்டியின் பின்னால், பக்கத்திலேயே யூ.எஸ்.பி. 3 துளையில் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யூ.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். கீபோர்டு பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. சின்ன யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் ஒன்று போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்துவிடுங்கள்.

இந்தக் கீபோர்டில் வங்கிப் பாஸ்வேர்டு அடிக்கலாமா? (வாசகி, கோவை)

அடிக்கலாம். ப்ளூடூத்தில் போவது பூட்டிய தகவல், பக்கத்து வீட்டுக்காரர் சும்மா பிடித்துப் படித்துவிட முடியாது. ஆனால் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016இல் பல நிறுவனங்களின் டாங்கிள்களில், வெளியாள் ஒருவர் தூரத்தில் இருந்தபடியே கீ தட்டியது போல் எழுத்தை நுழைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் ப்ளூடூத்திலேயே அப்படி ஒன்று வெளியானது: உங்களைக் கேட்காமலே போலிக் கீபோர்டு ஒன்று போனோடு இணைந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை அந்த மாதமே திருத்தம் கொடுத்தார்கள்; 10க்கும் அதற்கு முந்தையதற்கும் கொடுக்கவில்லை. போன் அவ்வளவு பழையது என்றால் பேருந்து நிலையம், ரயில் போன்ற கூட்டத்தில் ப்ளூடூத்தை அணைத்துவையுங்கள். கீபோர்டைவிட உங்கள் போன்தான் இங்கே கவலைக்குரியது.

இரண்டு வருடம் பேட்டரி செல் மாற்ற வேண்டாம் என்று கீபோர்டு டப்பாவில் போட்டிருக்கிறான். நம்பலாமா? (வாசகர், விழுப்புரம்)

ஒரு நாளைக்கு எவ்வளவு தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சும்மா இருந்தால் தூங்கிவிடும், அதனால்தான் அவ்வளவு நாள் வருகிறது. தூங்கி எழும்போது முதல் எழுத்தை விழுங்கும் வழக்கம் சிலவற்றுக்கு உண்டு. ஷிஃப்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாமல் இருந்தால் செல்லைக் கழற்றிவையுங்கள். கசிந்து கம்பியில் பச்சை பிடித்தால் எந்த வாரன்டியும் வராது.