உதவி பெறுகிறவர்களிடம் நன்றியை எதிர்பார்ப்பது தவறா?

கேள்வி: ஏழை மக்களிடையே சேவை செய்யும் கிறிஸ்தவ ஊழியங்கள், உதவி பெறுகிறவர்கள் நன்றியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா? எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்வது வேதம்தானே?

தவறு என்றுதான் நான் சொல்வேன். உணவுப் பொட்டலத்துக்காக வரிசையில் நின்ற பிள்ளையாகவும், பிறகு கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் பொட்டலம் கட்டும் ஒரு சிறு சபைக் குழுவின் செயலாளனாகவும் இருந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் காட்டிய வசனத்தைப் பார்த்துவிடுவோம். 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்' என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அந்த ஸ்தோத்திரத்தைக் கடவுளுக்குச் செலுத்தச் சொல்கிறாரேயன்றி, அரிசி கொண்டுவந்த அண்ணனுக்குச் செலுத்தச் சொல்லவில்லை. அதே பவுல் சிறையில் இருந்தபோது பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு எழுதிய கடிதத்தில், அவர்களோடு தனக்கிருந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசுகிறார். கடவுளுக்கு நன்றி செலுத்துகிறார். நேரடியாக 'உங்களுக்கு நன்றி' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அதில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். நம் சபைத் தமிழில் ஸ்தோத்திரமும் நன்றியும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், கொடுத்தவரைப் புகழ்வதும் ஆண்டவரைப் புகழ்வதும் ஒரே காரியம்போல் ஆகிவிட்டது.

என் தகப்பனார் கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபின், 1980களில் நாங்கள் செந்தூலில் ஒரு கம்பத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சபை, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அரிசி, சீனி, பிஸ்கட் டின், ஒரு துண்டு ஆகியவற்றைக் கொடுத்து உதவியது. அந்த அரிசியை நாங்கள் உண்டோம் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே, ஞாயிறு பள்ளி முடிந்ததும் எங்களை மட்டும் நிறுத்திவைத்து, வரவிருக்கும் நன்கொடையாளருக்கு முன்னால் ஒரே குரலில் நன்றி சொல்லப் பயிற்சி கொடுப்பார்கள். ஒலிபெருக்கியில் 'தேவையுள்ள குடும்பங்கள்' என்று சொல்லிப் பெயர்களை வாசிப்பார்கள். தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே மேசையில் உட்காரும் பையன், வசதியான குடும்பத்துப் பிள்ளை, முன்வரிசையில் இருந்தான். அன்றைக்கு நான் வாய் அசைத்தேனே தவிர, குரல் வரவில்லை.

என் அம்மாவின் நிலை வேறாக இருந்தது. அதற்குக் காரணம் ஒரு மைலோ டின் என்று நினைக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்த என் பாட்டி கற்றுக்கொடுத்த வழக்கப்படி, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து அம்மா அந்த டின்னில் போட்டுவிடுவார். மாதக் கடைசியில் அது பிடியரிசிக் காணிக்கையாகச் சபைக்குப் போகும். பொட்டலத்தில் வந்த அரிசியிலிருந்தும் பிடி எடுத்தார். அவர்கள் கொடுத்ததை அவர்களுக்கே கொடுக்கிறீர்களே என்று நான் கேலி செய்தபோது, 'டின்னுக்குள்ள போனப்புறம் யார் அரிசின்னு யாருக்குத் தெரியும்?' என்றார். மேடையேறி நன்றி சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சம் இல்லாததன் காரணம் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

இந்தப் பிடியரிசி வழக்கத்தைத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதியில் ஊன்றி வளர்த்தவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, தோர்ணக்கலில் பொறுப்பேற்றார். அங்கே அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட கூலிகள். அந்தப் பெண்கள் சமைக்குமுன் ஒதுக்கிய பிடியரிசி, சபையைத் தாங்கிய காணிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

அசரியாவை நான் இங்கே கொண்டுவரும் முதன்மையான காரணம் வேறு. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனெரிகள் நிறைந்திருந்த அவையில் அவர் பேசினார். அவர்களுடைய தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை காலமெல்லாம் நன்றியோடு சாட்சி சொல்லும் என்று முதலில் சொன்னார். அதன் பிறகு, ஏழைகளுக்கு உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். உடைமையைக் கொடுத்தாலும் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்று சொல்லும் முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

நானும் அந்த அவையில் இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பேனோ என்னவோ. ஏனென்றால் 2020 மார்ச் 18 அன்று கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாநகர் மன்றத்தின் பிபிஆர் அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளியைக்கூடக் (ரிங்கிட்) கட்ட முடியாமல் இருந்த குடும்பங்களுக்குப் பொருள் கொடுக்கப் போன நான், நன்கொடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்காக ஒவ்வொருவரையும் அட்டைப்பெட்டியோடு நிறுத்திப் படம் எடுத்தேன். முகக்கவசம் இருப்பதால் யாரையும் அடையாளம் தெரியாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஒரு பையன் பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான்; படத்தில் பெட்டியும் பத்து விரல்களும்தான் விழுந்திருந்தன. வேறு படம் அனுப்ப முடியுமா என்று ஒருவர் குழுவில் கேட்டார். அதோடு படம் எடுப்பதை விட்டேன். மறுவருடம் உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் நாடெங்கும் பரவியபோது, அதன் அருமை எனக்கு உடனே புரிந்தது: விண்ணப்பப் பாரமும் பரிந்துரைக் கடிதமும் இல்லாமல், ஒரு துணி ஆடினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஆனால் என்னை உண்மையில் திருத்தியவர் எட்டாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா. ஏறக்குறைய ஒரு வருடம், நாங்கள் போகும்போதெல்லாம் 'ரொம்ப நன்றிங்க, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கணும்' என்று கைகூப்பி வாங்கிக்கொள்வார். நாங்களும் நிறைந்த மனத்தோடு படியிறங்குவோம். ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, எட்டு மாடியும் ஏறிவந்து மூச்சிரைத்த எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'தம்பி, கோவிச்சுக்காதீங்க. மீ, சீனி, டின்பால் எல்லாம் இனிமே வேணாம். அவருக்கு இனிப்பு நீரு, வாரத்துல மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்றாங்க. இதையெல்லாம் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு நான் அவரை எப்படித் தடுக்கிறது? முடிஞ்சா பெரியவங்க பெம்பர்ஸ் வாங்கிக் கொடுங்க.'

உப்பையும் நீரையும்கூட அளந்து கொடுக்க வேண்டிய டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டுக்குள் ஒரு வருடமாகச் சீனியும் உப்பு மிகுந்த உடனடி மீயும் (நூடுல்ஸ்) சுமந்திருக்கிறோம். மலேசியத் தமிழர்களிடையே இனிப்பு நீர் (நீரிழிவு) எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. என் வீட்டிலேயே இரண்டு பேருக்கு இருக்கிறது. இருந்தும் கேட்கத் தோன்றவில்லை, அவர் சொல்லவும் துணியவில்லை. நன்றி சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்குக் குறை சொல்வது எளிதாக வராது. எங்களுக்கு இனித்த அந்த நன்றிதான் அவருடைய தேவையை எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஊழியத்தில் நன்றிக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொடுப்பவன் பக்கத்தில். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று நிலக்காரனுக்குக் கட்டளை வருகிறது. பொறுக்க வருகிற விதவை யாருக்கும் வணக்கம் வைக்க வேண்டியதில்லை. நிலக்காரனுக்குத்தான் ஒரு வேலை வைக்கப்பட்டிருக்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை. எங்கள் குழுவில் இப்போது மாதக் கூட்டத்தை ஜெபத்துக்குப் பிறகு இப்படித்தான் தொடங்குகிறோம். யாராவது ஒருவர், தன் குடும்பம் யாரிடம் எதைப் பெற்றது என்று இரண்டு நிமிடம் பேசுவார். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த எங்கள் சபையில் இதற்கு ஆள் பஞ்சம் வந்ததே இல்லை.

குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தானே திரும்பி வந்தான், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்டாரே என்பார்கள். கேட்டார்தான். ஆனால் அந்த ஒன்பது பேருக்குக் கிடைத்த சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை. அடுத்த மாதப் பட்டியலிலிருந்து பெயரை அடித்ததாகவும் இல்லை.

நடைமுறையில் நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை. நன்கொடையாளர்களுக்குப் படத்துக்குப் பதிலாக ரசீதும் கணக்கும் போகின்றன. இதனால் இருவர் விலகிக்கொண்டார்கள். பொட்டலத்தில் சுவிசேஷத் துண்டுப்பிரதி வைப்பதில்லை; பல இனத்தவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதுவே முறை. போவதற்கு முந்தின வாரம் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறோம்.

எட்டாம் மாடி அம்மா இப்போது ஆசீர்வாதம் சொல்வதைக் குறைத்துவிட்டார். போன மாதம் கதவைத் திறந்ததும், 'தம்பி, இந்தத் தடவை அரிசி சரியில்ல, சோறு கூழாப் போச்சு, நீங்க வாங்குற கடையை மாத்துங்க' என்றார். மாற்றிவிட்டோம்.