அழுகுணி ஆட்டமா, நெட் கோளாறா? செஸ் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் செஸ் பற்றியவை. எதிராளி ஏமாற்றிவிட்டார் என்ற சந்தேகம், இல்லாவிட்டால் நெட் போய்த் தோற்ற ஆதங்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் ரேபிட் ரேட்டிங் 1400. அதே ரேட்டிங் உள்ள ஒருவரிடம் தோற்றேன். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவருடைய துல்லியம் 96 சதவீதம், எனக்கு 71. கம்ப்யூட்டர் வைத்துத்தானே ஆடியிருப்பார் சார்?
*கல்லூரி மாணவர், சேலம்*

இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது தம்பி. துல்லியம் என்பது ஒருவரின் நகர்த்தல்கள் கம்ப்யூட்டர் சொல்லும் சிறந்த நகர்த்தல்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண். 96 என்றதும் பரீட்சை மார்க் மாதிரித் தோன்றும், ஆனால் அந்த எண் உங்கள் ஆட்டத்தையும் பொறுத்தது. இத்தாலியன் தொடக்கம் ஆடுகிறீர்கள், முதல் ஏழெட்டு நகர்த்தல்கள் இருவருக்கும் மனப்பாடம், பன்னிரண்டாவது நகர்த்தலில் நீங்கள் ஒரு பிஷப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். அதற்குப் பிறகு அவர் கஷ்டப்பட்டு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ராணியை ராணியால் வெட்டுவார், யானையை யானையால் வெட்டுவார், கண்ணுக்குத் தெரிகிற நகர்த்தல் எல்லாமே நல்ல நகர்த்தலாக இருக்கும், இருபத்திரண்டாவது நகர்த்தலில் நீங்கள் விட்டுக்கொடுப்பீர்கள். அந்த ஆட்டத்தில் 96 வராவிட்டால்தான் ஆச்சரியம். நீங்கள் நன்றாக ஜெயித்த ஆட்டங்களைத் திறந்து பாருங்கள், உங்களுக்கும் இப்படிச் சில கிடைத்திருக்கும்.

சந்தேகப்பட வேண்டிய ஆட்டம் வேறு மாதிரி இருக்கும். நாற்பது நாற்பத்தைந்து நகர்த்தல் நீண்டு, நடு ஆட்டம் சிக்கலாகி, இரண்டு பக்கமும் ராஜா ஆபத்தில் இருக்கும்போதும் 1400 ரேட்டிங்காரர் ஒரு தப்பு கூடச் செய்யவில்லை, அதுவும் ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படியே என்றால் யோசிக்கலாம்.

துல்லியத்தைவிட நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை விநாடி ஆனது என்று ஆட்டப் பதிவிலேயே பார்க்கலாம். உங்கள் ராணியை அவர் வெட்டுகிறார், நீங்கள் திருப்பி வெட்ட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றால் மனிதன் அதற்கு அரை விநாடி, ஒரு விநாடி எடுப்பான். யானையைப் பலி கொடுத்து ஐந்து நகர்த்தல் தள்ளி செக்மேட் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பான். முதலாவதற்கும் ஏழு விநாடி, இரண்டாவதற்கும் ஏழு விநாடி, ஆட்டம் முழுக்க இப்படியே என்றால் அது மனிதன் யோசிக்கும் விதம் இல்லை. அப்புறம் அவருடைய பழைய ஆட்டங்களைப் பாருங்கள். அசட்டுத்தனமாக ராணியை விட்ட தோல்விகள் நாலைந்து இருந்தால் நம்மைப் போன்ற ஆள்தான், உங்களோடு ஆடியது அவருக்கு நல்ல நாள், அவ்வளவுதான். கணக்கு புதிதாக இருப்பதை மட்டும் வைத்தும் முடிவுக்கு வராதீர்கள், நேரில் பல வருடம் ஆடிவிட்டு ஆன்லைனுக்கு இப்போதுதான் வந்தவராக இருக்கலாம்.

இவ்வளவும் ஒத்துப்போனால் ரிப்போர்ட் பட்டனை அழுத்துங்கள். பிறகு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள்.

ரிப்போர்ட் செய்தும் அந்த ஆள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் ஊர் செஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு எச்சரிக்கலாமா?
*வாசகர், மதுரை*

தயவுசெய்து போடாதீர்கள். இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தளங்கள் உடனே எதையும் வெளியே சொல்வதில்லை, அதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. லிசெஸ் தளம் இர்வின், கலாடின் என்று இரண்டு மென்பொருள்களைப் பயன்படுத்துகிறது. அவை ஒருவரின் பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்துக் கொடுக்க, மனிதர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். செஸ் டாட் காமுக்கும் இதற்கென்றே தனிக் குழு உண்டு. கணக்கு மூடப்பட்டால், அவரிடம் சமீபத்தில் தோற்றவர்களுக்குப் போன ரேட்டிங் புள்ளிகள் திரும்பி வருவதும் உண்டு. ஒருநாள் உங்கள் ரேட்டிங் சரிசெய்யப்பட்டது என்று அறிவிப்பு வந்தால் காரணம் இதுதான்.

பொதுவில் பெயரைப் போடுவது வேறு விஷயம். 2022 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் சிங்க்ஃபீல்ட் கோப்பைப் போட்டியில் அமெரிக்க இளம் கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற அப்போதைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் போட்டியிலிருந்தே விலகினார். இரண்டு வாரம் கழித்து ஓர் ஆன்லைன் போட்டியில் அதே நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்த்தல் ஆடிவிட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். உலகம் முழுக்க அதே பேச்சு. நீமன் சிறுவயதில் ஆன்லைனில் ஏமாற்றியதைத் தானே ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதைவிட அதிகமாக, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்று செஸ் டாட் காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. ஆனால் செயின்ட் லூயிஸில் நேருக்கு நேர் ஆடிய அந்த ஆட்டத்தில்? ஒரு ஆதாரமும் கிடைக்கவில்லை. 10 கோடி டாலர் கேட்டு நீமன் போட்ட வழக்கு, தள்ளுபடி, 2023 ஆகஸ்டில் சமரசம் என்று போய், உறுதியான ஆதாரம் இல்லை என்பதைக் கார்ல்சனும் ஏற்றுக்கொண்டார். சரியான காரணமில்லாமல் விலகியதற்காக சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் உள்ளுணர்வே ஆதாரமாக நிற்கவில்லை என்றால், நம்முடைய ஸ்கிரீன்ஷாட் எப்படி நிற்கும்?

இன்னொன்று என்னை இன்னும் வருத்துகிறது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலவசமாக வீடியோவில் செஸ் சொல்லிக்கொடுத்தவர். முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் அவருடைய ஆன்லைன் ஆட்டங்கள் மீது பொதுவெளியில் மாதக்கணக்கில் சந்தேகம் கிளப்பிக்கொண்டே இருந்தார். நரோடிட்ஸ்கி ஏமாற்றினார் என்று எந்தத் தளமும் சொன்னதில்லை. நன்றாக ஆடினாலே தன்னைத் தப்பாக நினைக்கிறார்கள் என்று தன் கடைசி நேரலையில் அவர் மனம் நொந்து பேசினார். 2025 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். எதனால் எது என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் கடைசி நாட்களில் ஆடினார் என்பது நாம் எல்லோரும் பார்த்தது. அதன் பிறகுதான் ஃபிடே இந்த விவகாரத்தைத் தன் நெறிமுறைக் குழுவிடம் கொண்டுபோனது. இதே கிராம்னிக் மீது 2006-ல் எலிஸ்டாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார் என்று எதிரணி குற்றம் சாட்டியது. பழி சுமப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர் குரூப்பில் ஐம்பது பேர் இருந்தாலும் அந்த ஆளுக்கு அதுதான் ஊர். வேண்டாம்.

ஜெயிக்கிற நிலையில் இருந்தேன், நெட் போய்விட்டது, திரும்ப வருவதற்குள் தோல்வி என்று வந்துவிட்டது. இது அநியாயம் இல்லையா? தளத்தில் முறையிட்டால் புள்ளி கிடைக்குமா?
*வங்கி ஊழியர், நாகர்கோவில்*

சாதாரண ஆட்டத்தில் கிடைக்காது. கடிகாரம் ஓடுவது உங்கள் போனில் இல்லை, தளத்தின் சர்வரில். உங்கள் முறையின்போது நெட் போனால் உங்கள் நேரம் போகும். கொஞ்ச நேரம் நீங்கள் வராவிட்டால், வெற்றியோ டிராவோ கேட்டுக்கொள்ளும் வசதியை லிசெஸ் எதிராளிக்குக் கொடுக்கும். கேபிள் தானாக அறுந்ததா, நீங்கள் பிடுங்கினீர்களா என்று சர்வருக்குத் தெரியாது. நெட் போனவர்களுக்கு இரக்கம் காட்டினால், தோற்கிற நிலையில் இருக்கும் ஒவ்வொருவரும் வைஃபையை அணைத்துவிடுவார்கள்.

பெரிய போட்டிகளிலேயே இது தீராத தலைவலி. கொரோனா காலத்தில், 2020-ல், ஃபிடே ஒலிம்பியாட் ஆன்லைனில் நடந்ததே, நினைவிருக்கிறதா? காலிறுதியில் நம் நிஹால் சரினுடன் ஆடிக்கொண்டிருந்த ஆர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோசியனுக்கு இணைப்பு அறுந்து தோல்வி ஆனது. எங்கள் பக்கம் நெட் நன்றாகத்தான் இருந்தது என்று ஆர்மீனியா முறையிட்டது. முறையீடு நிராகரிக்கப்பட்டது. அந்தக் காலிறுதியின் இரண்டாவது சுற்றை ஆட மறுத்து அவர்கள் விலகினார்கள், இந்தியா அரையிறுதிக்குப் போனது. ஆகஸ்ட் 30, ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. முதல் சுற்று 3-3. இரண்டாவது சுற்றில் அதே நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போனது, ரஷ்யா வென்றதாக வந்தது. இந்தியா முறையிட்டது. அன்று பல இணையதளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃப்ளேர் சேவை பல நாடுகளில் தடைபட்டிருந்தது, ஆட்டக்காரர்கள் கையில் எதுவுமே இல்லை. கடைசியில் ஃபிடே இரண்டு நாடுகளுக்கும் தங்கம் கொடுத்தது. பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் இருந்த அணி அது. நமக்குக் கிடைத்த நியாயம் சரியானதுதான். ஆனாலும் ஆர்மீனியாவின் குறையையும் இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

மகள் ஆன்லைன் போட்டிகளில் ஆடுகிறாள். எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும், இருக்கும்போதும் வைஃபை திக்கித் திக்கி வரும். என்ன செய்யலாம்?
*ஆசிரியை, பட்டுக்கோட்டை*

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் நின்றுவிடும், அதுதான் பிரச்சினை. ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, பெரும்பாலும் 12 இருக்கும், அதற்கேற்றதை வாங்குங்கள். முடிந்தால் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், வைஃபை தொந்தரவு பாதி அதிலேயே தீரும். கேபிள் முடியாது என்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காரட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் நம் வீட்டுச் சுவர்களைத் தாண்டினால் வலுவிழந்துவிடும். அடுத்த அறைக்கு 2.4 தான் நிலையாக வரும்.

போனில் ஆடினால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு அது தானாகத் தாவும்போதுதான் இணைப்பு அறும், ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராமல் தொந்தரவு செய்யாதே நிலையில் வையுங்கள், பேட்டரி சேமிப்பை அணையுங்கள். போட்டி நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பெரிய படம் எதையும் டவுன்லோடு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3 நிமிட ஆட்டத்தைவிட நகர்த்தலுக்கு விநாடி கூடும் ஆட்டத்தை, 5+3, 10+5 போல, தேர்ந்தெடுத்தால் சின்னத் தடங்கல் ஆட்டத்தைக் கெடுக்காது.

எதிராளி வேண்டுமென்றே நெட்டை மெதுவாக்கி நேரம் திருடுகிறார் என்று நண்பன் சொல்கிறான், உண்மையா?
*வாசகர், ஈரோடு*

பெரும்பாலும் இல்லை. தாமதத்தைத் தளங்கள் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் அதற்கு வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் நஷ்டம் அவருக்குத்தான். முதலில் உங்கள் பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், எவ்வளவு என்று பாருங்கள், லிசெஸில் உங்கள் பெயரை அழுத்தினால் தெரியும். அதன் சர்வர் பிரான்ஸில் இருக்கிறது, ஒவ்வொரு நகர்த்தலும் அங்கே போய்த்தான் திரும்புகிறது. அந்த எண் நிலையாக இருந்தால் கவலையில்லை. திடீர் திடீரென்று ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் வீட்டில்தான். தோற்கும்போது நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிடுகிறவர்கள் வேறு வகை, திரும்பத் திரும்பச் செய்தால் தளமே தற்காலிகத் தடை போடும்.

நாள்கணக்கில் ஆடும் ஆட்டத்தில் புத்தகம் பார்க்கலாமா?
*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்*

தொடக்க நகர்த்தல்களுக்குப் புத்தகமும் ஆட்டத் தொகுப்பும் பார்க்கலாம் ஐயா, இரண்டு பெரிய தளங்களிலும் அனுமதி உண்டு. எஞ்சின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், கூடவே கூடாது, அடுத்தவரிடம் யோசனை கேட்பதும் கூடாது.

பத்து வயது மகனின் கணக்கை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் எதுவும் பயன்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் அண்ணன் சில நகர்த்தல்கள் மட்டும் சொன்னான், கஷ்டமான இடத்தில் போனில் பார்த்துச் சொன்னானாம். இதுவும் தப்பா? பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறான்.
*தந்தை, திருப்பூர்*

தப்புதான். போனில் பார்த்தது அண்ணனாக இருந்தாலும் ஆட்டம் தம்பியின் பெயரில் நடந்தது, எதிரில் தோற்றதும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. போனில் இருக்கும் எஞ்சினே இன்று உலகச் சாம்பியனைத் தோற்கடிக்கும், அதனால் "சில நகர்த்தல்கள் மட்டும்" என்பது சின்ன உதவி இல்லை, ஓர் ஆட்டத்தில் இரண்டு இடத்தில் கிடைத்தாலே போதும்.

பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை மகனிடம் சொல்லுங்கள். 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக நம் விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். அதில் தொழிலதிபர் நிகில் காமத் ஆனந்தையே ஜெயித்துவிட்டார். மறுநாள், ஆட்களின் உதவியும் கம்ப்யூட்டர் உதவியும் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையைப் பார்த்துத்தான் நான் ஆடினேன், எல்லோரிடமும் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்ற அளவோடு ஆனந்த் நிறுத்திக்கொண்டார்.

நீங்களும் நடந்ததை நடந்தபடி தளத்துக்கு எழுதுங்கள். "என் மகன் எதுவும் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள், வயதையும் அண்ணன் சொன்னதையும் சேர்த்தே எழுதுங்கள். உண்மையை ஒப்புக்கொள்கிறவர்களுக்குப் புதுக் கணக்கில் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது உண்டு. கேட்காமல் வேறு பெயரில் நீங்களே கணக்குத் திறக்காதீர்கள், அதையும் மூடிவிடுவார்கள். பதில் வரும்வரை வீட்டிலேயே பலகை போட்டு அண்ணனும் தம்பியும் ஆடட்டும், அண்ணன் போனை உங்களிடம் கொடுத்துவிட்டு உட்காரட்டும்.