ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வெல்லாத ஒருவரை மிகச் சிறந்த ஓட்ட வீராங்கனை என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். என்னைக் கேட்டால் ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டியைச் சொல்வேன். 1980 மாஸ்கோவில் தொடங்கி 2004 ஏதென்ஸ் வரை ஏழு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடி, மூன்று வெள்ளியும் ஆறு வெண்கலமுமாக ஒன்பது பதக்கங்கள் பெற்றவர் அவர். தங்கம் மட்டும் கிட்டவில்லை. அதனால் விளையாட்டு எழுத்தாளர்கள் அவருக்கு ‘வெண்கல ராணி’ என்று பட்டம் சூட்டினார்கள். அது பாராட்டு என்று நம்பி நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். அவர் ஓடிய இறுதிப் போட்டிகளின் நேரங்களை ஒருநாள் வரிசையாக எடுத்துப் பார்த்த பிறகு அந்தப் பட்டத்தை என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

1996 அட்லாண்டா 100 மீட்டர் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓட்டிக்கு 36 வயது. அமெரிக்காவின் கெயில் டிவர்ஸும் அவரும் ஒரே நேரத்தில் கோட்டைக் கடந்ததாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மின்பலகையிலும் இருவருக்கும் 10.94 விநாடி. இத்தகைய தருணத்தில் நடுவர்கள் முடிவுக்கோட்டுக்கு நேராகப் பொருத்தப்பட்ட கேமராவின் படத்தைப் பார்ப்பார்கள். தலையோ கையோ காலோ முதலில் கோட்டைத் தொட்டது என்பதற்கு மதிப்பில்லை, மார்பும் தோளும் அடங்கிய உடற்பகுதி எப்போது கோட்டை அடைந்தது என்பதே கணக்கு. அப்படிப் பார்த்ததில் டிவர்ஸ் ஆயிரத்தில் ஐந்து விநாடி முந்தியதாகத் தீர்ப்பானது. அந்த வேகத்தில் அது ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியின் நீளம். நூறு மீட்டர் ஓடிவந்த பிறகு ஒரு தீப்பெட்டி தூரத்தில் தங்கம் போயிற்று.

இதில் வேதனை என்னவென்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் 1993 ஸ்டுட்கார்ட் உலகச் சாம்பியன் போட்டியிலும் இதே டிவர்ஸிடம், இதே 100 மீட்டரில், இருவருக்கும் 10.82 விநாடி என்று இருந்த நிலையில் ஓட்டி தோற்றிருந்தார். அங்கே இடைவெளி ஆயிரத்தில் ஒரு விநாடி. தூரமாகச் சொன்னால் சுண்டுவிரல் அகலம். ஆனால் அதே ஸ்டுட்கார்டில் 200 மீட்டரை 21.98 விநாடியில் ஓடி, உலகப் போட்டியில் தம் முதல் தனிநபர் தங்கத்தை 33 வயதில் வென்றார். 1995 கோத்தன்பர்க்கில் அதைத் தக்கவைத்தார். நேர்மையாகச் சொல்வதென்றால், அந்த முறை முதலில் வந்தவர் க்வென் டாரன்ஸ்; தடக்கோட்டை மிதித்ததால் அவர் தகுதி நீக்கப்பட, தங்கம் ஓட்டிக்கு வந்தது. அதிர்ஷ்டம் எப்போதும் எதிர்ப்பக்கமே நின்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மற்றபடி அது எதிர்ப்பக்கம்தான் அதிகம் நின்றது. 1980 மாஸ்கோவில் 200 மீட்டரில் 22.20 விநாடி ஓடி வெண்கலம் பெற்றார். வெள்ளிக்கு நூறில் ஒரு விநாடிதான் குறைவு. ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் அவர்தான். 1992 பார்சிலோனாவில் 100 மீட்டரை 10.88 விநாடியில் ஓடியும் ஐந்தாமிடமே கிடைத்தது, ஏனென்றால் முதல் ஐந்து பேரும் நூறில் ஆறு விநாடிக்குள் அடங்கிவிட்டார்கள். 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் நடந்தது இன்னும் கொடுமை: தவறான புறப்பாட்டுக்காக ஒலித்த மறுவெடி காதில் விழாமல், பாதித் தூரத்துக்கு மேல் முழுவேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பி நடந்துவந்து மீண்டும் புறப்பட்டார், ஏழாவதாக முடித்தார். அங்கேயே 200 மீட்டரில் நம் பக்கத்து இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு நூறில் ஒரு விநாடி பின்னால் வந்து வெண்கலம் பெற்றார்.

1999-இல் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து அவர் மாதிரியில் இருந்ததாகச் சோதனை காட்டியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2000-இல் தடை விலக்கப்பட்டது. அவ்வாண்டு சிட்னியில் அவருக்கு வயது நாற்பது. தேசியத் தேர்வில் நான்காவதாக வந்திருந்தும் தேர்வில் முதலிடம் பெற்ற இளைய வீராங்கனையின் இடத்தில் அவரை 100 மீட்டருக்கு இறக்கினார்கள் என்பதால், சொந்த நாட்டு வீரர்களே ஒலிம்பிக் கிராமத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஓட்டி நான்காவதாக முடித்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007-இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்ததால், அந்த 100 மீட்டர் வெண்கலம் 2009 டிசம்பரில்தான் ஓட்டியின் கணக்கில் சேர்ந்தது. அதே காரணத்தால் சுசந்திகாவின் சிட்னி 200 மீட்டர் வெண்கலமும் வெள்ளியாயிற்று.

‘மூன்றாமிடத்துக்காரர்’ என்று அவரைச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: உள்ளரங்க 200 மீட்டரில் 1993 பிப்ரவரியில் பிரான்சின் லியேவின் நகரில் அவர் ஓடிய 21.87 விநாடி, நான் இதை எழுதும் வரை உலக சாதனையாகவே இருக்கிறது.

1998-இல் ஸ்லோவேனியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 2002-இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 2004 ஏதென்ஸில் 44 வயதில் 100 மீட்டர் அரையிறுதிவரை சென்றார். 2010 ஐரோப்பியச் சாம்பியன் போட்டி பார்சிலோனாவில், 1992-இல் 10.88 விநாடி ஓடியும் 100 மீட்டர் பதக்கத்தைத் தவறவிட்ட அதே மைதானத்தில் நடந்தது. ஸ்லோவேனியாவின் 4x100 மீட்டர் தொடர் ஓட்ட அணிக்காக அங்கே ஓடியபோது அவருக்கு வயது ஐம்பது.