ஆய்வேடு முடியும் நேரத்தில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டர்பனில் கிடைத்த பழைய தமிழ் அச்சு ஏடுகளைக் கணினியே படிக்க ஓர் எழுத்துணரி செய்கிறேன், அதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சோதனையில் 96 விழுக்காடு சரியாக வந்தது. நெறியாளர் வேறொரு பழைய மலரைக் கொடுத்து ஓட்டச் சொன்னார், 71-க்கு இறங்கிவிட்டது. நான்காம் ஆண்டு ஓடுகிறது. எல்லாம் வீணா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வீணாகாது. முதலில் தரவைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். பக்கங்களை வரிகளாக நறுக்கிவிட்டு, அப்புறம் குலுக்கி 80க்கு 20 என்று பிரித்தீர்களா? அப்படியென்றால் ஒரே பக்கத்தின் ஐந்தாம் வரி பயிற்சிக்கும் ஆறாம் வரி சோதனைக்கும் போயிருக்கும். அதே அச்சு, அதே மைக்கசிவு. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த பிள்ளை வாங்கிய மதிப்பெண்தான் அந்த 96. ஏடு வாரியாகப் பிரித்த பிறகே நறுக்க வேண்டும்.

அடுத்தது பழைய எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை எல்லாம் பெரும்பாலும் யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்தே அச்சாயின. ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் வளைந்திருக்கும். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் பழையதற்கும் புதியதற்கும் குறியீடு ஒன்றுதான். இன்றைய எழுத்துருவில் உருவாக்கிய படங்களை மட்டும் காட்டிப் பயிற்றியிருந்தால், பழைய ஏட்டில் 'யானை' வரும் இடமெல்லாம் சறுக்கும். பழைய ஏடுகளின் வரிகளையே பயிற்சியில் சேருங்கள். சோதனை மலரை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ'வில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிடும் நிரல் மட்டும் பிழை என்று எண்ணிவிடும். விடைப்பிரதி (சரியான உரை), கணினி தந்த உரை இரண்டையும் என்.எஃப்.சி. என்னும் யூனிகோடின் ஒருசீர் வடிவுக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள். 'கௌ'வை ளகரம் போட்டுத் தட்டச்சு செய்திருந்தால் என்.எஃப்.சி.யும் காப்பாற்றாது, கையால்தான் திருத்த வேண்டும்.

71-ஐ மறைக்க வேண்டாம். தவறிய எழுத்துகளில் 300-ஐ எடுத்துக் காரணம் வாரியாகப் பிரித்து ஓர் இயலாக எழுதுங்கள். தேர்வாளர் நின்று படிக்கும் இயல் அதுவாகத்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு கிடையாது, எழுத்தறிக்கையோடு சரி. ஆய்வேட்டில் விளக்காததை நேரில் விளக்க வாய்ப்பு வராது.

கேள்வி: மாதம் ஒரு புது செயற்கை நுண்ணறிவு மாதிரி வெளியாகிறது. ஒவ்வொன்றையும் ஆய்வில் சேர்த்து மறுபடி ஓட்டவா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம். ஒரு தேதி குறித்து நிரலை கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) பெயரிட்டு நிறுத்துங்கள். பிறகு தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை மாற்றி மாற்றி ஐந்து முறை ஓட்டி, சராசரியும் விலகலும் கொடுங்கள். ஒரே ஓட்டத்தில் வந்த அரை விழுக்காடு முன்னேற்றத்தை யார் நம்புவார்? அரை மணிக்கொரு முறை மாதிரியைச் சேமிக்கும்படி நிரலில் எழுதுங்கள். லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுதும்போது முடிவுகள் இயல் முதலில், முன்னுரை கடைசியில்.

கேள்வி: ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளில் தமிழ் எடுத்துக்காட்டுகள் வரவே மாட்டேன் என்கின்றன.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பிடிஎஃப்லேடெக்கை விட்டு ஸீலேடெக்குக்கு மாறுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைத் தமிழ் என்று குறிப்பிட்டு அழையுங்கள். அந்தக் குறிப்பை விட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.