புதிதாக வாங்கிய கினிப் பன்றி ஏன் ஒளிந்துகொண்டே இருக்கிறது?

கடையில் துறுதுறுவென்று இருந்தது, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்ததும் மூலையில் உறைந்து உட்கார்ந்துவிட்டது. நோயா? பெரும்பாலும் இல்லை, இடம் பழகும் காலம்தான். இதன் முன்னோர் தென் அமெரிக்காவில் பெரிய பிராணிகளுக்கு இரையானவை. அதனால் புது வாசனை, புதுச் சத்தம் என்றால் அசையாமல் ஒளிவதே தற்காப்பு. பொள்ளாச்சியிலிருந்து வந்து இங்கே மலையாள மீடியத்தில் சேர்ந்த பிள்ளை முதல் வாரம் வாயே திறக்காதல்லவா, அப்படித்தான்.

சில நாளோ சில வாரமோ ஆகலாம். ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, எப்போதும் காய்ந்த புல், முடிந்தால் ஒரு துணை. ஆனால் அரை நாளாகத் தின்னவே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள், கால்நடை டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், பழகியபின் திடீரென்று துள்ளிக் குதிக்கும். பலர் வலிப்பு என்று பயந்துவிடுகிறார்கள். அது சந்தோஷத்தில் குதிப்பது.