மூச்சுப் பயிற்சிக்கு மறுக்கும் மகனுக்கு ஒரு மீன் விளையாட்டு

சகோதரிக்கு வணக்கம். நிமோனியாவுக்குப் பின் நெஞ்சில் கோத்திருந்த சீழை வடித்த குழாயை எடுத்தாயிற்று என்றும், ஆறு வயது மகன் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை (ஸ்பைரோமீட்டர்) வாயில் வைக்கவே மறுக்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அக்கருவியில் காற்றை ஊதுவதில்லை, உள்ளே இழுக்க வேண்டும் என்பதால், அதற்கு நெருக்கமான விளையாட்டு ஒன்றைச் சொல்கிறேன். பெரிய மீன் ஒன்றை வரைந்து கொடுங்கள். வண்ணக் காகிதத்தை ஒரு ரூபாய் நாணய அளவில் வெட்டிவைத்தால், ஒவ்வொரு துண்டையும் ஸ்ட்ராவின் நுனியில் மூச்சால் இழுத்துப் பிடித்து, மீனின் மேல் செதிலாக அவனே கொண்டுபோய் வைக்கட்டும். துண்டு நழுவாமலிருக்க மூச்சை நீட்டி இழுத்தே ஆக வேண்டும். காகிதம் ஸ்ட்ராவின் துளைக்குள் நுழைய முடியாத அளவில் இருப்பது முக்கியம்.

நீர்த்த வண்ணத்தைத் தாளில் சொட்டி, ஸ்ட்ராவால் ஊதிப் பரப்புவதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் உறிஞ்சிப் பழகிய சூட்டில் வண்ணத்தையும் உறிஞ்சிவிடக்கூடும் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு மூச்சுக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தொடங்குமுன் பிசியோதெரபிஸ்ட்டிடம் கட்டாயம் கேளுங்கள். கருவிப் பயிற்சியை எப்போது, எத்தனை முறை தொடர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.