கட்டிய வீடும் பேசாத பிள்ளைகளும்

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகள் ஓய்வின்றி உழைத்து, வீடு, வாகனம், படிப்பு என எதிலும் குறை வைக்காமல் பிள்ளைகளை வளர்த்தேன். இன்று அவர்கள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவர்களுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன்? பொருள் சேர்த்தது என் பிழையா?

பதில்: பிழையில்லை. கடன் நெருக்கும் வீட்டில் அன்பான பேச்சுக்கும் இடமில்லாமல் போகும் என்பதை அறிந்தே உழைத்திருக்கிறீர்கள். அந்த உழைப்பில் அன்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகளின் பக்கம் நின்று பாருங்கள். அவர்கள் கண்ணில் பட்டவை நீங்கள் வாங்கி வந்த பொருள்கள். அவற்றைத் தேடப் போன மனிதரை அவர்கள் அதிகம் பார்க்கவில்லை. பொருளோ வீட்டுக்குள் வந்த சில வாரங்களில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. புதிய நாற்காலி வெறும் நாற்காலியாகிவிட்ட பிறகு, அதற்காக நீங்கள் விட்டுக்கொடுத்த மாலைப்பொழுதுகளை அதில் அமர்பவர் எப்படி அறிவார்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, ‘அவர்களுக்காகத்தானே’ என்ற சொல். வீட்டில் எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அன்பாகக் கொடுத்தது அந்த ஒரு சொல்லால் கடனாக மாறிவிடுகிறது. கடன்பட்டவர் கடன் கொடுத்தவருக்கு எதிரே உட்கார்ந்து இயல்பாகப் பேசுவது கடினம். பார்த்ததும் ஒதுங்கிப் போகவே தோன்றும். உங்கள் பிள்ளைகளின் மௌனம் நன்றியின்மை அல்ல, தீர்க்க முடியாத கடனின் கூச்சமாக இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

என் தந்தையார் மறைந்த பின் அவருடைய அலமாரியை உடன்பிறந்தோர் நால்வரும் சேர்ந்து ஒழுங்குபடுத்தினோம். கைக்கடிகாரத்தையும் பேனாவையும் ஒருவருக்கொருவர் எளிதாக விட்டுக்கொடுத்த நாங்கள், விரல் நீளம்கூட இல்லாத ஒரு திருப்புளியை மட்டும் விட்டுக்கொடுக்க மனமின்றி நின்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மூக்குக்கண்ணாடிகளை வாங்கி, தளர்ந்த திருகாணியை அதனால் முறுக்கி, வில்லையைத் துணியால் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், அந்த வாரம் நடந்ததையெல்லாம் கேட்பார். கண்ணாடி இல்லாத எங்கள் கண்களுக்கு அவர் முகம் மங்கலாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ, நேருக்கு நேர் சொல்லக் கூசியதையும் அப்போது சொல்லிவிடுவோம்.

உறவின் மதிப்பை நீண்ட காலம் அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1938-இல் தொடங்கிய ஆய்வு, அப்பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேரையும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சிறுவர்கள் 456 பேரையும் முதுமை வரை பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் அதிக நலத்துடன் இருந்தார்கள் என்றும், ஐம்பதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட அந்த நிறைவே பிற்கால உடல்நலத்தை நன்கு முன்னறிவித்தது என்றும் அவர்கள் கண்டனர். உடல்நலம் உள்ளவர்களுக்கு உறவுகளைப் பேணுவது எளிது என்பதால், எது காரணம், எது விளைவு என்று முழுமையாகப் பிரித்துவிட முடியாது. ஆயினும் ஐம்பதுக்குப் பிறகும் உறவைச் சீர்படுத்த முயல்வது வீணாகாது என்று நம்புவதற்கு எனக்கு அது போதும்.

ஆகவே பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளில் ஒருவர் ஏதேனும் வேலையில் இருக்கும்போது அருகில் போய் அமருங்கள்; அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை காலம் கொடுத்துக்கொண்டே இருந்த நீங்கள் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்பவராக மாறினால், அந்தக் கடன் கணக்கு மெல்ல இளகும்.

கேள்வி: ‘பணம் முக்கியமில்லை, உறவே முக்கியம்’ என்பது பணம் உள்ளவர்கள் சொல்லும் பேச்சு அல்லவா? நான் இப்போதுதான் வேலை தேடத் தொடங்கியிருக்கிறேன்.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்கர்களின் அன்றாட மகிழ்ச்சி மேலும் உயர்வதில்லை என்று 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் ஆகிய இருவரும் எழுதினர். 2023-இல் கானமனே மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அதை மறு ஆய்வு செய்து, பெரும்பாலோருக்கு மகிழ்ச்சி அதற்கு மேலும் உயர்ந்துகொண்டே போகிறது என்று திருத்தினார். உயர்வு நின்றுபோனது மிகவும் மகிழ்ச்சி குன்றியிருந்த சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டுமே. பிரிவும் உற்றவரின் மறைவும் தரும் வலியைப் போன்ற, ஒரு கட்டத்துக்கு மேல் பணத்தால் ஆற்ற முடியாத துயரங்கள் அவர்களிடம் எஞ்சியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பணத்தைத் தேடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வேலையில் சேருமுன் சம்பளத்தைக் கேட்கும்போது, மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதையும் தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.